கருவில் வளரும் மூளையும் வீட்டுப் பிளாஸ்டிக்கும்: எதை முதலில் மாற்றுவது?

கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பாலிதீன் கவரில் ஊற்றி, வாயைச் சுழற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கித் தருவதற்கு எங்கள் தெருமுனை மெஸ்ஸில் பத்து நொடிகூட ஆவதில்லை. வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்போது கவர் தளர்ந்து நீண்டிருக்கும். உட்புறம் முழுவதும் சிவந்த எண்ணெய் படிந்திருக்கும். என் தங்கை கருவுற்றிருந்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாளாவது அந்தச் சாம்பாரை நானே வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தால் சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது. சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் ஆகிய நான்கும் ஒன்றுகூடும் இடத்தில்தான் பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள்கள் உணவுக்குள் அதிகமாக இறங்குகின்றன. இந்த வழிகாட்டியில் வரும் அறிவுரைகள் யாவும் இந்த நான்கையும் சுற்றியே அமைகின்றன.

முதலில், எந்த வேதிப்பொருள்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தாலேட்டுகள் என்பவை பிவிசி போன்ற விறைப்பான பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கப்படுபவை. வாசனைப் பொருள்களைக் கரைக்கவும் நெடுநேரம் நிலைக்கச் செய்யவும்கூட அவை பயன்படுகின்றன. பிஸ்பீனால் ஏ என்பது கண்ணாடிபோல் தெளிவான, உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கும், தகர டின்களின் உட்பூச்சுக்கும், கடைகளில் தரும் வழவழப்பான வெப்ப அச்சு ரசீதுகளுக்கும் மூலப்பொருளாக இருந்துவருவது. அது பெண்மை ஹார்மோனைப் போல உடலில் வேலை செய்யக்கூடியது என்பது 1930-களிலேயே கண்டறியப்பட்ட செய்தி. மெல்லிய பாலிதீன் கவருக்குத் தாலேட்டு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நிறமேற்றிய, மறுசுழற்சி செய்த கவரில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

கருவின் மூளைக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், பெரும்பகுதி விடை ஹார்மோன்களில் இருக்கிறது. கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியவரும். கருவின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 12-ஆவது வாரத்துக்குப் பிறகே மெல்ல வேலையைத் தொடங்குகிறது என்பதால், அதுவரையிலும் அதற்குப் பிறகு சில வாரங்களுக்கும் நரம்பணுக்கள் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர்ந்து, ஒன்றோடொன்று இணைவதற்குத் தேவையான தைராய்டு ஹார்மோனைத் தாயின் உடலே நஞ்சுக்கொடி வழியாக வழங்கியாக வேண்டும். தாலேட்டுகளும் பிஸ்பீனால்களும் இந்த ஹார்மோன் வழங்கலிலும், ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதியின் வேலையிலும் குறுக்கிடுகின்றன என்று ஆய்வகச் சோதனைகளும் விலங்குச் சோதனைகளும் காட்டுகின்றன. இவை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகின்றன என்பதில் ஐயமில்லை.

மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். நியூயார்க்கில் 328 தாய்மார்களின் சிறுநீரைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சோதித்து, அவர்களுடைய குழந்தைகளின் அறிவுத்திறன் ஈவை (ஐக்யூ) 7 வயதில் அளந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2014-இல் வெளியானது. இரண்டு பியூட்டைல் தாலேட்டுகள் மிக அதிகமாக இருந்த கால்பங்குத் தாய்மார்களின் குழந்தைகள், மிகக் குறைவாக இருந்த கால்பங்கினரின் குழந்தைகளைவிட ஆறரை முதல் ஏழரைப் புள்ளிகள் வரை பின்தங்கியிருந்தனர். ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் ஒரே கேள்வியை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கேட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டரை முதல் மூன்று வயதில் 50 சொற்களுக்கும் குறைவாகப் பேசிய குழந்தைகள் சுமார் 10 சதவீதம் இருந்தனர்; கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் உடலில் குறிப்பிட்ட சில தாலேட்டுகளின் அளவு இரட்டிப்பானால், இவ்வாறு பேச்சுத் தாமதமாகும் வாய்ப்பு 25 முதல் 40 சதவீதம் வரை கூடியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்த குழுவினர், அரோமட்டேஸ் செயல்பாடு மரபுவழியே குறைவாக இருந்த ஆண் குழந்தைகளிடையே, தாயின் உடலில் பிஸ்பீனால் ஏ அதிகமாக இருந்ததற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக 2024-இல் எழுதினர்.

இவை அனைத்தும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். ஒரு தனிக் குழந்தையின் பேச்சுத் தாமதத்துக்கு அம்மா குடித்த காபிக் கோப்பைதான் காரணம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏற்கெனவே பிறந்து வளர்ந்துவரும் குழந்தையின் தாய், இதைப் படித்துவிட்டுப் பழையதை எண்ணி வருந்துவதில் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் அரசு அமைப்புகளே இதை இலேசாக எடுத்துக்கொள்வதில்லை: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிஸ்பீனால் ஏ-வை நாளொன்றுக்கு உடல் தாங்கக்கூடிய அளவை 2023-இல் முந்தையதைக் காட்டிலும் 20,000 மடங்கு குறைத்தது; 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவைத் தொடும் பொருள்களில் அதைத் தடை செய்யும் விதியை ஏற்றது.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்று இருக்கிறது. ஈயம் போல இவை ஆண்டுக்கணக்கில் உடலில் தங்குவதில்லை. பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. அப்படியானால் ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் எப்போதும் இருப்பது ஏன்? நாள்தோறும் புதிதாக உள்ளே போய்க்கொண்டிருப்பதால்தான். அமெரிக்காவின் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ அடைக்காத புதிய உணவை மூன்றே நாள் கொடுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், பிஸ்பீனால் ஏ அளவு சராசரியாக 66 சதவீதமும், டிஇஎச்பி என்ற தாலேட்டின் அளவு பாதிக்கு மேலும் இறங்கின. ஆகவே அன்றாடம் திரும்பத் திரும்ப நடக்கும் சின்னச் செயல்களைப் பிடித்து மாற்றுவதே பலன் தரும். எப்போதோ ஒருமுறை நடப்பதை விட்டுவிடலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கிவிடுவது நல்லது. ஆறாம் மாதத்தில் தொடங்கினாலும் வீணில்லை, ஏனெனில் மூளை வளர்ச்சி கடைசி வாரம்வரை நடந்துகொண்டேயிருக்கிறது.

சூடான உணவிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நாள் காலையில் சமையலறையில் நின்று, சூடான எதுவெல்லாம் பிளாஸ்டிக்கைத் தொடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது டீ வடிகட்டி. பச்சை நிறப் பிளாஸ்டிக் விளிம்பும் நைலான் வலையும் கொண்ட அந்தப் பத்து ரூபாய் வடிகட்டியின் வழியே, கொதித்து இறக்கிய டீ நாளுக்கு நான்கு முறை பாய்ந்துகொண்டிருந்தது. வலையின் நடுப்பகுதி பழுப்பேறி, விளிம்பு சற்று உருகி நெளிந்திருந்ததை அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. எவர்சில்வர் வடிகட்டி எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். அடுத்தது ஹாட் பேக்: உட்புறம் எவர்சில்வராக இருந்தால் கவலையில்லை, உட்புறமும் பிளாஸ்டிக் என்றால் சப்பாத்தியைத் துணியில் சுற்றி எவர்சில்வர் சம்படத்தில் வைக்கலாம். வெந்நீர் கெட்டில் வாங்கும்போது உள்ளே தண்ணீர் படும் இடம் முழுவதும் எவர்சில்வராக உள்ளதா என்று மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். மிக்சியில் தெளிவான பிளாஸ்டிக் ஜாடி இருந்தால், வதக்கிய தக்காளியையும் வெங்காயத்தையும் சூட்டோடு அதில் போட்டு அரைப்பதைத் தவிர்த்து, ஆறவிட்டு எவர்சில்வர் ஜாடியில் அரைப்பது நல்லது.

கர்ப்பிணிகளை வெந்நீர் குடிக்கச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த வெந்நீரைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குச் செல்லும் பெண்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்வது நேர்மாறான விளைவைத் தரும் இடம் இது. எவர்சில்வர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுப்பதே இக்காலத்தில் கருவுற்ற பெண்ணுக்குத் தரத்தக்க முதல் பரிசு என்பேன். அலுவலகத்தில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றிச் சூடாக்குங்கள். டப்பாவின் அடியில் ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று எழுதியிருப்பது அந்த டப்பா உருகாது, நெளியாது என்பதற்கு உறுதி தருகிறதே தவிர, அதிலிருந்து எதுவும் இறங்காது என்பதற்கு அன்று.

காகிதக் கோப்பை என்பது பெயரளவில்தான் காகிதம். திரவம் ஊறாமல் இருக்க அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரை அதில் 15 நிமிடம் வைத்திருந்தால் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தடையில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அடங்கும்; ஆனால் தடை வேறு, தெருமுனை நடப்பு வேறு. டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்குவதும், மெஸ்ஸுக்குத் தூக்குவாளி கொண்டுபோவதும் நம் கையில் இருக்கின்றன. முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். தங்கைக்காக நான் தூக்கைக் கொண்டுபோகத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், கேட்காமலே ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

வெளியே இட்லி சாப்பிடுவதானால், தட்டில் விரித்திருப்பது துணியா பிளாஸ்டிக் தாளா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஆவியில் வேகும் மாவுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கும் வழக்கத்தைக் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் உணவகங்களில் தடை செய்தது. பச்சை நிறத்தில் வாழையிலை போலவே அச்சிட்டுச் சுருளாக விற்கும் தாளும் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம் பூசியதுதான்; சூடான சோறும் குழம்பும் விழுவதற்கு அது ஏற்றதன்று. அதற்கு மாற்றாகச் செய்தித்தாளில் வடையைச் சுற்றுவதும் சரியாகாது: அச்சு மையின் சேர்மானங்கள் எண்ணெயில் எளிதில் கரைபவை என்பதால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பேக்கேஜிங் விதிகள் அதைத் தடுக்கின்றன.

எண்ணெய், புளிப்பு, நீண்ட நாள் சேமிப்பு

தாலேட்டுகள் நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. ஆகவே மாதக்கணக்கில் பிளாஸ்டிக் டப்பாவில் ஊறும் ஆவக்காய், எலுமிச்சை ஊறுகாய், நெய், புளிக்காய்ச்சல், இட்லிப் பொடியில் குழைத்து வைத்த எண்ணெய் ஆகியவற்றைப் பீங்கான் ஜாடிக்கும் கண்ணாடி சீசாவுக்கும் மாற்றுவது அடுத்த வேலை. பருப்பு, அரிசி, ரவை போன்ற உலர்ந்த பொருள்கள் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். அவற்றை மாற்றுவதற்குப் பணம் செலவழிப்பதில் பொருளில்லை. குளிர்ந்த பால் பாக்கெட்டும் அப்படியே. ஆனால் உறைந்த பாக்கெட்டை வெந்நீரில் போட்டு இளக்குவதை விட்டுவிடுங்கள்.

டின்னில் அடைத்த உணவு நம் வீடுகளில் மேலை நாடுகள் அளவுக்குப் புழங்குவதில்லை. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள்தான் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஐந்து நாள் தொடர்ந்து நாளுக்கு ஒருமுறை டின் சூப் குடித்தவர்களின் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ அளவு, புதிதாகச் செய்த சூப் குடித்தபோது இருந்ததைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்ததை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினர். தேங்காய்ப் பால், கொண்டைக்கடலை, டுனா மீன் ஆகியவற்றை டின்னில் வாங்கிப் பழகியவர்கள், இந்த ஒன்பது மாதமாவது தேங்காயைத் துருவியும் கடலையை ஊறவைத்தும் சமைக்கலாம்.

கேன் தண்ணீருக்கு நான் இரண்டாம் இடமே தருவேன். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் அது பெட் வகை. 7 என்ற எண்ணும் பிசி என்ற எழுத்தும் இருந்தால் பாலிகார்பனேட். குளிர்ந்த நீரில் இறங்கும் அளவு குறைவு என்றாலும், கீறல் விழுந்து மங்கிப்போன பழைய பாலிகார்பனேட் கேன், சித்திரை வெயிலில் வண்டியில் அரை நாள் நின்று வருவதை ஏற்கத் தேவையில்லை. புதிய கேனாகக் கேளுங்கள். வந்தவுடன் எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடிக்க முடிந்த ஊரில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ‘பிபிஏ ஃப்ரீ’ (பிஸ்பீனால் ஏ இல்லாதது) என்று முத்திரையிட்ட பாட்டிலை நம்பி அதில் வெந்நீர் ஊற்றுவதும் பாதுகாப்பன்று: அந்த ஒரு பொருளை எடுத்துவிட்டு அதன் உடன்பிறப்பான பிஸ்பீனால் எஸ் போன்றவற்றைச் சேர்த்த பிளாஸ்டிக்குகள் உள்ளன, அவையும் ஹார்மோனைப் போலவே நடந்துகொள்கின்றன.

வாசனை, தூசி, ரசீது

உணவுக்கு அடுத்த வழி தோல். பாடி ஸ்பிரே, பர்ஃப்யூம், வாசனை லோஷன், நகப்பூச்சு ஆகியவற்றில் தாலேட்டு இருக்கலாம். ஆனால் உறையில் அந்தப் பெயர் இருக்காது, ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும். கலிஃபோர்னியாவில் 100 பதின்வயதுப் பெண்கள் இவ்வகைப் பொருள்கள் சேராத மாற்றுகளை மூன்று நாள் பயன்படுத்தியபோது டைஎத்தில் தாலேட்டின் அளவு 27 சதவீதம் குறைந்தது. மணமில்லாத சோப்பும், தேங்காய் எண்ணெயும், தலையில் ஒரு முழம் மல்லிகையும் போதுமென்று பாட்டி சொன்னால் இந்த ஒன்பது மாதமாவது கேட்டுக்கொள்ளலாம். மூடிய அறையில் ஊதுபத்திப் புகையையும் அறை நறுமண ஸ்பிரேயையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் வாசனைக் கலவையும் இதே கரைப்பானை நம்பியது.

ரெக்சின் சோபா, தரையில் ஒட்டிய வினைல் விரிப்பு, புதிய பிவிசி திரை ஆகியவற்றிலிருந்து தாலேட்டுகள் மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேர்கின்றன. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் அந்தத் தூசி எழுந்து மீண்டும் படியும். ஈரத்துணியால் துடைப்பதும், சன்னலைத் திறந்து வைப்பதும், உண்பதற்கு முன் சோப்பால் கை கழுவுவதும் செலவில்லாத வழிகள். குழந்தை வரப்போகிறதென்று ஆர்வத்தில் புதிதாக வினைல் தரையும் சுவர்த்தாளும் ஒட்டும் வேலையை இப்போது வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜவுளிக் கடையிலோ பல்பொருள் அங்காடியிலோ பில் போடும் வேலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு இந்த வரி முக்கியமானது. வழவழப்பான ரசீதுத் தாளில் பிஸ்பீனால் தூளாகவே படிந்திருக்கிறது; சானிடைசர் தடவிய ஈரக் கையால் அதைப் பிடித்தால் தோல் வழியே உட்செல்வது வெகுவாகக் கூடுகிறது. சானிடைசருக்குப் பதில் சோப்பும் தண்ணீரும், முடிந்தால் நைட்ரைல் கையுறையும் போதும். மேற்பார்வையாளரிடம் கேட்டு வேறு பகுதிக்கு மாறுவதிலும் கூச்சப்பட ஒன்றுமில்லை.

செய்யக் கூடாதவை

மருத்துவமனையில் ஏற்றும் குளுக்கோஸின் குழாயும் பையும் பிவிசி ஆயிற்றே என்று மறுக்காதீர்கள். தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால் வரும் கேடு பன்மடங்கு பெரிது. சில மாத்திரைகளின் மேற்பூச்சில் தாலேட்டு இருப்பது உண்மையே என்றாலும், மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தக் கூடாது. உடலிலிருந்து பிளாஸ்டிக் நச்சை வெளியேற்றும் என்று விற்கப்படும் சூரணங்களை வாங்கவே வாங்காதீர்கள்: இந்த நச்சு தானாகவே ஓரிரு நாளில் போய்விடும், அந்தச் சூரணத்தில் ஈயம் இருந்தால் அது போகாது.

அதற்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளத் தக்கவை இரண்டு. கனடாவில் 2020-இல் வெளியான ஆய்வொன்றில், தாலேட்டுக்கும் ஆட்டிசம் சார்ந்த குணங்களுக்கும் இடையிலான தொடர்பு, நாளுக்கு 400 மைக்ரோகிராமுக்கும் குறைவாக ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளிடம்தான் வலுவாகத் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையை, வாய்க்குமட்டல் என்று சொல்லி அலமாரியில் சேர்த்து வைக்காமல் விழுங்குவதற்கு இன்னொரு காரணம் இது. மற்றொன்று அயோடின் கலந்த உப்பு: தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருளே அயோடின் என்பதால், கல்லுப்புதான் நல்லது என்ற பேச்சை நம்பி அயோடின் இல்லாத உப்புக்கு இந்த நேரத்தில் மாற வேண்டாம்.

இந்தப் பட்டியலைக் கருவுற்ற பெண்ணின் தலையில் மட்டும் சுமத்துவது எனக்கு உடன்பாடில்லை. பார்சல் வாங்கி வருபவர் பெரும்பாலும் கணவர். ஊறுகாய் போடுபவர் மாமியார். வளைகாப்புக்குச் சமையல் ஏற்பாடு செய்பவர் பெண்ணின் அப்பா. வளைகாப்பன்று புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் சூடாகப் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைக்கப்பட்டு விருந்தினர் கைக்குப் போகின்றன. வந்தவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேராவது பிள்ளைத்தாய்ச்சிகளாக இருப்பார்கள். கட்டுச்சாதத்தை வாழையிலையில் கட்டும் பழக்கம் நமக்குப் புதிதன்று. சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இலை, பாக்குமட்டைத் தட்டு, மந்தாரை இலை என்று சொல்லிவிட்டால் செய்துதர அவர்களுக்குத் தெரியும். கடைசி நாளில் சொன்னால்தான் டப்பா வந்து நிற்கும்.

குழந்தை பிறந்த பிறகு தாய்ப்பாலில் இந்தப் பொருள்கள் இருக்குமே என்ற அச்சத்தில் தாய்ப்பாலை நிறுத்த எந்த மருத்துவரும் சொல்வதில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம். புட்டிப்பால் தேவைப்பட்டால், இந்தியத் தர நிர்ணய அமைவனம் பிஸ்பீனால் ஏ-வைப் புட்டிகளில் தடை செய்து 2015-இல் வகுத்த தரத்தின் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா என்று பாருங்கள்; கண்ணாடிப் புட்டியானால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா பெட்டிக்கு அடியிலிருந்து, எனக்கும் தங்கைக்கும் பால் புகட்டிய பழைய வெள்ளிச் சங்கைத் தேடியெடுத்து, புளி போட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுத்து வைத்துவிட்டார்.